அணரி: நா மேலெழலும் பின்வளைதலும் – ஓர் ஒலியியற் சொல்லின் பொருளும் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

நாவின் நுனி பின்னோக்கி வளைந்து பிறக்கும் ஒலிகளை இன்றைய மொழியியல் 'ரெட்ரோஃப்ளெக்ஸ்' என்றும், தமிழ்ப் பாடநூல்கள் 'வளைநா ஒலி' என்றும் வழங்குகின்றன. தொல்காப்பியப் பிறப்பியலில் வரும் 'அணரி' என்னும் சொல்லை இக்கலைச்சொல்லின் பழந்தமிழ் நிகராகக் கொள்ளும் போக்கு உண்டு. அச்சொல் எவ்வெழுத்துகளுக்கு ஆளப்பட்டுள்ளது, எவற்றுக்கு ஆளப்படவில்லை, நன்னூலில் அது ஏன் இல்லை என்பவற்றை ஆராயும் இக்கட்டுரை, அணர்தல் என்பது பின்வளைதல் அன்று, நுனி மேலெழுதலே என்று நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அணரி, பிறப்பியல், வளைநா ஒலி, மூர்த்தன்யம், றகர னகரம், ழகரம், தொல்காப்பியம், நன்னூல்.

முன்னுரை

நெய்வேலியின் நிலத்தடியில் கிடைக்கும் எரிபொருளுக்கு இரு பெயர்கள் வழங்குகின்றன. 'லிக்னைட்' என்பது மரக்கட்டையைக் குறிக்கும் 'லிக்னும்' என்னும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. பொருளின் தோற்றுவாயை அது சுட்டுகிறது. 'பழுப்பு நிலக்கரி' என்பது நிறத்தைச் சுட்டுகிறது. முதிர்ந்த இலையின் நிறத்துக்குத் தமிழர் வழங்கும் சொல்லே அதன் முன்பகுதி. 1935ஆம் ஆண்டில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரும்பொருளும், 1956இல் அமைந்த நிறுவனம் 1961இல் சுரங்கத்தில் முதன்முதலாகக் கண்ட படிவமும் ஒன்றே. எனினும் ஒரு பெயரை மட்டும் அறிந்தவர் மற்றப் பெயர் சொல்லும் செய்தியை அறியார். கலைச்சொல் ஒன்று பொருளின் ஒரு கூற்றை எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிடுகிறது. எடுத்துக்கொண்ட கூற்றையே பொருளின் முழுமை எனக் கருதும்போது பிழை நேர்கிறது.

'பழுப்பு' என்னும் சொல்லின் நடுவிலுள்ள ழகரத்துக்கும் இது பொருந்தும். அதனை வளைநா ஒலி என்பர் மொழியியலார். சிறப்பெழுத்து என்பர் புலவர். வடமொழி மரபில் பயின்ற ஐரோப்பியர் ட, ண முதலியவற்றோடு சேர்த்துத் 'தலையொலி' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். தொல்காப்பியர் அதற்குப் பெயர் எதுவும் இடவில்லை; அது பிறக்கும் செயலை மட்டும் சொன்னார். அச்செயலைச் சொல்ல அவர் ஆண்ட வினையே 'அணரி'.

சொல்லும் அதன் வேரும்

'அணரி' என்பது அணர் என்னும் வினையடியாகப் பிறந்த இகர ஈற்று வினையெச்சம். பெயரன்று, ஓர் ஒலிவகையின் குறியீடும் அன்று. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இக்கட்டுரையின் வாதம் பெரும்பாலும் இதனையே பற்றி நிற்கிறது. 'மூர்த்தன்யம்' என்பதும் 'ரெட்ரோஃப்ளெக்ஸ்' என்பதும் வகைப்பெயர்கள். ஓர் ஒலி அவ்வகையைச் சேர்ந்ததா இல்லையா என்று கேட்கலாம். அணர்தல் அத்தகைய வினாவுக்கு இடம் தருவதில்லை. ஓர் ஒலி பிறக்கையில் நாவின் நுனி என்ன செய்கிறது என்பதையே அது கூறுகிறது.

உரையாசிரியர்கள் இச்சொல்லுக்கு மேல்நோக்கிச் செல்லுதல் என்றே பொருள் கண்டனர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் அவ்வழியே செல்கிறது. 'அண்' என்னும் அடி மேற்பக்கத்தைக் குறிப்பது. தலையை நிமிர்த்துதலைக் குறிக்கும் அணத்தல், மேல்நோக்கிப் பார்த்தலைக் குறிக்கும் அண்ணாத்தல், உயர்ந்தோனைக் குறிக்கும் அண்ணல் ஆகியவை இவ்வடியைச் சார்ந்தவை. அண்ணம் என்பதையும் இக்குடும்பத்தோடு சேர்த்துப் பார்க்க இடமுண்டு. அவ்வாறாயின் அணரி, அண்ணம் என்னும் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும் நூற்பாவில் மேலெழுதலும் மேலுள்ள இடமும் ஒரே வேரால் சொல்லப்படுகின்றன.

அண்ணாத்தல் என்னும் சொல் இங்கே கருதத்தக்கது. வானத்தை அண்ணாந்து பார்ப்பவரின் கழுத்து பின்னோக்கி வளைகிறது. ஆயினும் அச்சொல்லின் பொருள் பின்வளைதல் அன்று, மேல்நோக்குதலே. பின்வளைவு அச்செயலின் உடன்விளைவு மட்டுமே. அணர்தலிலும் அத்தகைய உடன்விளைவு சில ஒலிகளில் நேரலாம், நேராமலும் இருக்கலாம். உடன்விளைவைச் சொற்பொருளாக ஏற்றிவிடலாமா என்பதே வினா.

பிறப்பியலின் ஆட்சி

இவ்வினாவுக்குப் பிறப்பியலின் நூற்பா வைப்பே விடை தருகிறது. தொல்காப்பியர் முதலில் ககர ஙகரம், சகர ஞகரம், டகர ணகரம் என்னும் மூன்று இணைகளையும் நாவின் முதல், இடை, நுனி என்னும் பகுதிகளால் பிரிக்கிறார். ட, ண பற்றிய நூற்பாவில் நுனிநாவும் அண்ணமும் மட்டுமே உள்ளன. எழுதலைக் குறிக்கும் வினை இல்லை, வளைதலைக் குறிக்கும் வினையும் இல்லை. அடுத்து அவர் த, நகரங்களுக்கு வருகிறார். அங்கே நாவின் நுனி பரந்து மேற்பல்லின் அடியில் பொருந்துகிறது. அதன்பின் ற, ன. நுனி அணர்ந்து அண்ணத்தை ஒற்றுகிறது. பின்னர் ர, ழ; நுனி அணர்ந்து அண்ணத்தை வருடுகிறது. இறுதியில் ல, ள. நாவின் விளிம்பு வீங்குகிறது, முறையே ஒற்றலும் வருடலும் நிகழ்கின்றன.

இன்றைய மொழியியல் வளைநா ஒலிகளாகக் கொள்வன ட, ண, ள, ழ ஆகிய நான்கு. தொல்காப்பியர் அணரி என்னும் வினையை ஆள்வன ற, ன, ர, ழ ஆகிய நான்கு. இரு தொகுதிகளுக்கும் பொதுவானது ழகரம் ஒன்றே. அணரி என்பது பின்வளைதலைக் குறிப்பதாயின், அவ்வியல்பு மிக்க ட, ணகரங்களுக்கு அச்சொல் இன்றியமையாததாக இருந்திருக்கும். பின்வளைவே இல்லாத ரகரத்துக்கு அது வந்திராது. தொல்காப்பியர் ட, ணகரங்களில் சொல்லைச் சுருக்கி விட்டுவிட்டார் எனச் சிலர் அமைதி கூறக்கூடும். அவ்வமைதி விடுபட்ட இடத்துக்குப் பொருந்தலாம். வந்துள்ள இடத்துக்குப் பொருந்தாது. ரகரத்தில் அச்சொல் நிற்பதை அதனால் விளக்க இயலாது.

றகர னகரங்களின் பழைய இயல்பும் இதற்குச் சான்று. திராவிட மொழிகளின் ஒப்பியல், பல், நுனியண்ணத்தின் கீழுள்ள ஈறு, வன்னண்ணம் என்னும் மூன்று இடங்களில் பிறக்கும் நுனிநா வல்லொலிகளை மூலத்திராவிடத்துக்கு மீட்டமைக்கிறது. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 2003இல் வெளியிட்ட திராவிட மொழிகள் பற்றிய நூலும் இதனை வலியுறுத்துகிறது. த, ற, ட என்னும் தமிழ் எழுத்துகள் அம்மூன்றுக்கும் நேர். மலையாளத்திலும் யாழ்ப்பாணத் தமிழிலும் இரட்டித்த றகரம் இன்றும் பல்லீற்றில் ஒற்றி எழும் வல்லொலியாகவே ஒலிக்கிறது. அங்கே நுனி எழுகிறது, வளைவதில்லை. அணரி என்பதற்கு 'ரெட்ரோஃப்ளெக்ஸ்' என்னும் பெயர்ப்பு தந்தால், தொல்காப்பியர் காலத்தில் றகரம் டகரத்தினும் மிகுந்த வளைநா ஒலியாக இருந்தது என்னும் முடிவுக்கு வரவேண்டியிருக்கும். ஒப்பியல் அதற்கு இடங்கொடுக்காது.

அவ்வாறாயின் அணரி எதனைப் பிரித்துக்காட்ட வந்தது? அதற்கு முந்திய நூற்பாவில் நிற்கும் 'பரந்து' என்னும் சொல்லோடு இணைத்துப் படித்தால் விடை கிடைக்கிறது. த, ந பிறக்கையில் நாவின் முன்பகுதி அகன்று பல்லடியில் படிகிறது. ற, ன பிறக்கையில் அகலாமல் நுனி மட்டும் எழுகிறது. பரத்தலும் அணர்தலும் எதிரிணை. இன்றைய ஒலியியலார் நாவின் அலகால் பிறப்பன, நுனியால் பிறப்பன என்று 'லாமினல்', 'ஏப்பிக்கல்' என்னும் சொற்களால் வேறுபடுத்துவது இதனையே. அணர்தலுக்கு அயல்மொழி நிகர் ஒன்று தேவையெனின் இவ்விரண்டில் பிந்தியதே நெருங்கியது.

தலையும் நாவும்: வடமொழி மரபு

வடமொழி ஒலியியல் நூல்களில் பின்வளைதலைக் குறிக்கும் சொல் தெளிவாகவே இருந்தது. தைத்திரீயப் பிராதிசாக்கியத்தின் இரண்டாம் இயல் டவருக்கத்தைக் கூறுமிடத்து நாநுனி சுருண்டு மூர்த்தாவில் படுவதாகச் சொல்கிறது. அதர்வவேதத்தைச் சார்ந்த சௌனகீய சதுராத்யாயிகையும் அவ்வாறே. அங்கு ஆளப்படும் 'பிரதிவேஷ்டித' என்னும் சொல்லுக்குப் பின்னோக்கிச் சுருட்டப்பட்டது என்பது பொருள். மூர்த்தா என்பது தலை அல்லது உச்சி. செயல், இடம் ஆகிய இரண்டும் அந்நூல்களில் சேர்ந்தே வந்தன. பிற்கால மரபில் நிலைத்தது இடப்பெயரான 'மூர்த்தன்யம்' மட்டுமே.

பி. சா. சுப்பிரமணிய சாஸ்திரி தொல்காப்பியப் பிறப்பியலைப் பிராதிசாக்கியங்களோடு விரிவாக ஒப்பிட்டவர். அவ்வொப்பீடு பயனுடையது. எனினும் ஒற்றுமைகளைக் காட்டிலும் வேற்றுமை ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. பிறப்பியலின் முதல் நூற்பாவில் காற்று நிலைபெறும் இடங்களுள் தலையும் எண்ணப்படுகிறது. ஆகவே தலை என்னும் கருத்து தொல்காப்பியருக்குத் தெரியாததன்று. தெரிந்திருந்தும் டகரத்தை அவர் தலையொலி ஆக்கவில்லை. அதன் பயனும் வெளிப்படை. இடத்தால் எண்ணினால் மிடறு, தாலு, மூர்த்தா, பல் என்னும் வரிசையில் மூர்த்தா பொருந்தாது நிற்கிறது. நாச்சுருளும் இடம் தாலுவுக்கு முன்னே அமைவதில்லை. நாவின் பகுதியால் எண்ணினாலோ முதல், இடை, நுனி என வரிசை தடையின்றிச் செல்கிறது. வருக்க வைப்பு இரு மரபுக்கும் ஒன்று, அளவுகோல் வேறு.

ஐரோப்பியர் கைக்குச் சென்றது இடப்பெயரே. மூர்த்தா என்பதைத் தலை எனக் கொண்டு, அதனைப் பின்னும் ஒருபடி நகர்த்தி, மூளையைச் சார்ந்தது என்னும் பொருள்தரும் 'செரிபிரல்' என்னும் சொல்லால் பெயர்த்தனர். மூளைக்கும் டகரத்துக்கும் தொடர்பில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். ஆயினும் அச்சொல் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் இலக்கண நூல்களில் நிலைத்திருந்தது. விட்னி 'லிங்குவல்' என்றார். சிலர் உச்சியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகக் 'ககுமினல்' என்றனர். ஹென்றி ஸ்வீட் தலைகீழாகத் திருப்பியது என்னும் பொருளில் 'இன்வெர்ட்டட்' என்றார். பின்னோக்கி வளைந்தது என்னும் பொருளுடைய 'ரெட்ரோஃப்ளெக்ஸ்' 20ஆம் நூற்றாண்டில் அனைத்துலக ஒலியியல் கழகத்தின் வழக்காக நிலைபெற்றது. செயலும் இடமுமாகத் தொடங்கி, இடமாகச் சுருங்கி, மூளையாகத் திரிந்து, மீண்டும் செயலுக்குத் திரும்பிய வரலாறு இது. தமிழில் இன்று வழங்கும் வளைநா, நாவளை, நாமடி என்னும் ஆக்கங்கள் இக்கடைசி நிலையின் பெயர்ப்புகள். தொல்காப்பியத்தின் வழிவந்தவை அல்ல. அதனால் அவை குறையுடையன ஆகா. மரபுவழிச் சான்று காட்டவேண்டி அணரியை அவற்றுக்குத் துணையாக அழைப்பதே குறை.

நன்னூலில் நேர்ந்த இழப்பு

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பிறப்பியலைப் பெரிதும் தொல்காப்பியத்தைத் தழுவியே அமைக்கிறது. ட, ணகரங்களுக்கு நுனிநா, அண்ணம் என்பதில் மாற்றமில்லை. ல, ளகரங்களுக்கு விளிம்பு வீங்கலும் ஒற்றலும் வருடலும் அப்படியே உள்ளன. ர, ழகரங்களில் வருடல் உள்ளது, அணர்தல் இல்லை. ற, னகரங்களில் அணர்தலும் ஒற்றலும் நீங்கி, நுனிநா அண்ணத்தை மிகப் பொருந்துதல் என்பதாக நூற்பா மாறுகிறது. மிகுதியைச் சுட்டும் 'நனி' என்னும் உரிச்சொல் அங்கே புகுந்துள்ளது. த, நகரங்களிலும் 'பரந்து' இல்லை.

சுருக்கம் நன்னூலின் இயல்பு என்று இதனை ஒதுக்கிவிடலாம். ஆனால் எதிரிணையாய் நின்ற இரு சொற்களும் ஒருங்கே மறைந்திருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. தகரத்தின் பரத்தலும் றகரத்தின் அணர்தலும் தெளிவாகக் கேட்கப்பட்ட காலத்தில் அவ்வேறுபாட்டைச் சொல்லச் சொற்கள் தேவைப்பட்டன. இடைக்காலக் கல்வெட்டுகளில் ந, னகரங்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று எழுதப்படுதல் பரவலாகக் காணப்படுவது. ஒலிப்பில் இணைந்துவிட்ட இரண்டைப் பிறப்பால் பிரிக்கும் இலக்கணியிடம் வகை வேறுபாடு நழுவி, அளவு வேறுபாடு எஞ்சுகிறது. 'நனி' என்பது அவ்வகையில் ஒரு மொழிமாற்றத்தின் தடயம் எனக் கருதலாம்.

இவ்விழப்பின் விளைவு பிற்கால வாசிப்பில் தெரிகிறது. நன்னூலே பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியமையால் அணர்தல் என்னும் வினை ஆசிரியர் நாவில் பழகவில்லை. பழகாத சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றுவது எளிது.

கருவியாய்வும் பழஞ்சொல்லும்

கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், வடமொழி டவருக்கம் திராவிட மொழிகளிலிருந்து சென்றிருக்க வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தார். பூலர் 1864இல் அதனை மறுத்தார். எமனோ 1956இலும் கைப்பர் 1967இலும் இந்தியாவை ஒரு மொழிப்பரப்பாக நோக்கி அவ்வினாவை வேறுதளத்துக்குக் கொண்டுசென்றனர். நூறாண்டுக்கு மேல் நீண்ட இவ்வுரையாடலில் எல்லாரும் ஒரே வகைப்பெயரை ஆண்டனர். அப்பெயர் எங்கும் ஒரே செயலைச் சுட்டுகிறது என்பது பெரும்பாலும் கேள்விக்கு உள்ளாகவில்லை.

லேடஃபோகெட், பாஸ்கரராவ் ஆகியோர் 1983இல் வெளியிட்ட ஆய்வு அதனைக் கேள்விக்குள்ளாக்கியது. இந்தியின் டகரத்தில் நுனி பல்லீற்றின் பின்புறத்தைத் தொடுகிறது, வளைவு குறைவு. தமிழிலும் தெலுங்கிலும் நாவின் அடிப்புறம் வன்னண்ணத்தைத் தொடும் அளவுக்கு வளைவு மிகுதி. ஒரு பெயரின் கீழ் இரு செயல்கள். 2003இல் வளைநா ஒலிகள் பற்றித் தனிநூல் வெளியிட்ட சில்கா ஹாமன், நாவின் பின்வளைவை இவ்வகைக்கு இன்றியமையாத இலக்கணமாகக் கொள்ள இயலாது எனக் காட்டி, நுனியின் பங்கு, ஒலிப்பிடத்தின் பின்மை, நாவடி வெளி, நாவுடலின் பின்வாங்கல் ஆகியவற்றை எடுத்துரைத்தார். பெயர் தந்த இலக்கணமே கட்டாயமற்றதாகிவிட்ட நிலை.

தமிழ் டகரத்தின் வளைவு பெரிதும் அதற்கு முன்னுள்ள உயிரிலேயே நிகழத் தொடங்குகிறது என்பதும் கருதத்தக்கது. 'வண்டி', 'பட்டு' போன்ற சொற்களில் நா முன்னுயிரின்போதே பின்வாங்கி, அடைப்பின்போது முன்னோக்கி விரிகிறது. முன்னுயிர் இல்லாத சொன்முதலில் இவ்வொலிகளைப் பல்லீற்று ஒலிகளினின்று வேறுபடுத்துவது செவிக்குக் கடினம். ட, ண, ள, ழ ஆகியவை மொழிக்கு முதலாகா என்னும் மொழிமரபின் விதி இவ்வொலியியல் உண்மையோடு இயைகிறது. ஆனால் அவ்விதி ற, ன, ல, ரகரங்களையும் உள்ளடக்கியது. அணர்தலும் வளைதலும் வேறு என்பதோடு, இரண்டும் சொன்முதலில் ஒருங்கே விலக்கப்பட்டன என்பதும் இதனால் பெறப்படும்.

ழகரத்தைப் பொறுத்தவரை 1999இல் நாராயணன், பேர்ட், கான் ஆகியோர் தமிழின் ஐந்து இடையொலிகளை ஒரு தமிழரின் ஒலிப்பில் அண்ணப்பதிவு, காந்த ஒத்ததிர்வுப் படிமம், காந்தமானி ஆகியவற்றால் ஆராய்ந்தனர். தொல்காப்பியம் ஒற்றல் என்றும் வருடல் என்றும் பிரித்ததன் மறுபதிப்பு அதில் உண்டு எனக் கூறுவது மிகையாகும். அவர்கள் நோக்கம் வேறு. எனினும் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்தையும் ஒருங்கு வைத்து, நாவின் வடிவால் மட்டுமன்றி இயக்கத்தாலும் பிரிக்க வேண்டும் என்னும் அணுகுமுறை பிறப்பியலுக்கு அயலானதன்று.

ழகரத்தின் மூன்று வழிகள்

பழுப்பு, பழம், வாழை முதலிய சொற்களில் வரும் ழகரம் வட தமிழகப் பேச்சில் யகரமாகவும், தென் தமிழகத்திலும் ஈழத்திலும் ளகரமாகவும் ஒலிக்கப்படுதல் நெடுங்காலமாக அறியப்பட்டது. நெய்வேலி நகரியம் பல மாவட்டத்தாரும் பிற மாநிலத்தாரும் பணிநிமித்தம் குடியேறிய ஊர். இவ்வேறுபாடுகள் அத்தகைய ஊர்களில் அருகருகே கேட்கக்கூடியவை. 'நாக்கை நன்றாக மடக்குக' என்பதே ழகரம் பயிற்றுவோர் பொதுவாகக் கூறும் அறிவுரை. மடக்கிய நா அண்ணத்தில் ஒற்றிவிடுமாயின் பிறப்பது ழகரம் அன்று. வருடல் என்னும் பாதியைச் சொல்லாமல் வளைவை மட்டும் சொல்வதன் பயன் அது. வகைப்பெயர் வகுப்பறையில் இழைக்கும் சிறு தீங்கு எனலாம்.

பிறப்பியலின் சொற்களால் இம்மாற்றங்களை நோக்கினால் அவை வேறுவிதமாக விளங்குகின்றன. ழகரம் ளகரமாகும்போது வருடல் நிற்கிறது. நுனி அணர்தலின் இடத்தில் விளிம்பு வீங்கல் வருகிறது. யகரமாகும்போது நுனிக்கே வேலையில்லை. தொல்காப்பியர் யகரத்தை மிடற்றிலிருந்து எழும் காற்று அண்ணத்தை அடைவதால் பிறப்பதாகவே கூறுகிறார். அணர்தல், வருடல் ஆகிய இரண்டும் அங்கே இல்லை. இரண்டையும் இழக்காத திரிபு ஒன்றும் உண்டு. அது தமிழர் வாயில் பிறந்ததன்று. சோழமண்டலத்தைக் 'கோரமண்டல்' ஆக்கிய ஐரோப்பியர் ழகரத்தை ரகரமாகக் கேட்டனர். தொல்காப்பியர் அவ்விரண்டையும் ஒரே நூற்பாவில் வைத்திருந்தார்.